கொடையன்று, கொள்முதல்!

அதியமான்கோட்டை கொடையின் ஊர். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் பெருஞ்சாலையில், பழைய தகடூர் நாட்டின் நினைவைத் தாங்கி நிற்கும் அவ்வூரின் பெயரைச் சொன்ன அளவிலேயே, உண்டாரை நெடிது வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது, அதன் அருமையையும் முன்னர்க் கூறாது, ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி தமிழர் நெஞ்சில் தோன்றுவான். ஆனால், அவ் வள்ளலின் வாயிலில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை அறிந்தோர் சிலரே. பெருஞ்சித்திரனார் என்னும் கழகக் காலப் புலவர் நெடுவழி நடந்து அவனைக் காண வந்தார். அதியமான் அவரை நேரிற் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனைப் பெற மறுத்துவிட்டார். முகம் பாராமலும் தகுதி அறியாமலும் கைமாறும் பொருள் கொடையாகாது, வணிகமாகும் என்பது அவர் கருத்து. புறநானூற்றின் 208 ஆம் பாட்டு அம் மறுப்பை இன்றளவும் காத்து வைத்திருக்கின்றது.

அப் புலவர் வேண்டாவென்று தள்ளிய முகமில்லாக் கொடையைத்தான் இந்திய ஒன்றிய அரசு 2018 இல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. முந்திய ஆண்டின் நிதிச் சட்டத்துள் நுழைத்துக் கொண்டுவரப்பட்ட அவ் ஏற்பாட்டுக்குத் தேர்தல் பத்திரம் என்று பெயர். தேர்தல் பணமுறி என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். பாரத இசுடேட்டு வங்கியிற் பணம் கட்டி முறியை வாங்க வேண்டியது. விரும்பிய கட்சியிடம் அதனைக் கொடுக்க வேண்டியது. கட்சி பதினைந்து நாள்களுக்குள் அதனைப் பணமாக்கிக் கொள்ள வேண்டியது. கொடுத்தவர் யார் என்பது மக்களுக்குத் தெரியாது. தேர்தல் ஆணையத்துக்கும் தெரியாது. இரிசர்வு வங்கியும் தேர்தல் ஆணையமும் தொடக்கத்திலேயே தடை கூறின. அரசு செவி சாய்க்கவில்லை. 2018 மார்ச்சு முதல் 2024 சனவரி வரை 16,518 கோடி உருவாவுக்கு முறிகள் விற்றன. ஆயிரம் உருவாவுக்கும் முறி உண்டு என்று பறைசாற்றப்பட்டதாயினும், விற்ற தொகையிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி உருவா முறிகளே. ஏழை எளியவர் எவரும் அக் கடைப்பக்கம் போகவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

2024 பிப்பிரவரி 15 ஆம் நாள் உச்ச நயன்மன்றத்தின் ஐவர் ஆயம் அத் திட்டத்தை அரசமைப்புச் சட்டத்துக்கு மாறானதென்று அடித்து வீழ்த்தியது. அடுத்த திங்களே, 2019 ஏப்பிரல் 12 ஆம் நாள் முதல் முறி வாங்கியோர் பெயர்களும் அவற்றைப் பெற்ற கட்சிகளின் பெயர்களும் வெளிவந்தன. முகத்திரை விலகியபின் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இவ்வளவு பெரும்பணம் தேர்தலில் வெற்றியை வாங்கித் தந்ததா? தரவில்லையெனில், கொடுத்தவர்கள் உண்மையில் எதனை வாங்கினார்கள்?

பணமிருந்தால்தான் தேர்தலில் வெல்ல முடியும் என்பது இற்றைத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஒரு பழமொழியாகிவிட்டது. தேநீர்க் கடையிற் பேசுவோர் சொல்கின்றனர். தோற்ற வேட்பாளர் சொல்கின்றார். தமிழுரிமைக்கென்று இயக்கம் நடத்தும் இளைஞரும் சோர்வுற்ற வேளைகளிற் சொல்கின்றனர். பெரும்பணம் படைத்தோர்க்கு இதனினும் இனிய பழமொழி வேறில்லை. தமக்கு விலையுண்டு என்று மக்களே நம்பிவிட்டால், வாங்குவோர்க்கு வேலை எளிதாகின்றது. ஆகவே அப் பழமொழியை உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் இன்றியமையாதது.

வெளிவந்த கணக்கே அவ் உரைகல். தெலுங்கானாவின் பாரத இராட்டிர சமிதி பெற்ற முறிப்பணம் 1,214 கோடி உருவா. 2023 இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அக் கட்சி 119 இடங்களில் 39 மட்டுமே பெற்று ஆட்சியை இழந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. ஒடிசாவின் பிசூ சனதா தளம் பெற்றது 775 கோடி. 2024 இல் அதுவும் ஆட்சியை இழந்தது. நாடாளுமன்றத்தில் அதற்கும் ஓரிடமும் இல்லை. ஆந்திரத்தின் ஒய்.எசு.ஆர். காங்கிரசு பெற்றது 337 கோடி. அதே 2024 இல் 175 சட்டமன்ற இடங்களிற் பதினொன்றே அதன் கைக்கு எட்டின. எல்லாரினும் மிகுதியாக, 6,060 கோடி உருவா பெற்ற பாரதிய சனதாக் கட்சி, 2019 இல் தான் பெற்ற 303 இடங்களிலிருந்து 2024 இல் 240 இடங்களுக்கு இறங்கித் தனிப்பெரும்பான்மையை இழந்தது. மறுபுறம், பணமுறியே வேண்டாவென்று ஒதுங்கியதோடு அதனை எதிர்த்து வழக்கும் தொடுத்த மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமையிலான இடது முன்னணி, 2021 இற் சேரநாட்டில் 140 இடங்களில் 99 வென்று மீண்டும் ஆட்சிக்கு வந்தது. மேற்கு வங்கத்தில் 1,609 கோடி பெற்ற திரிணாமூல் காங்கிரசு வென்றதும் உண்மையே. பணம் பெற்றவருள் வென்றவரும் உளர், தோற்றவரும் உளர், பெறாதவருள் வென்றவரும் உளர் என்றால், வெற்றியின் மூலவேர் பணம் அன்று என்பது தானே விளங்கும்.

இது புதிதாகக் கண்ட உண்மையுமன்று. 1959 இல் இராசகோபாலாச்சாரியார் தோற்றுவித்த சுதந்திராக் கட்சி, பெருமுதலாளியர் பலரின் அரவணைப்பைப் பெற்றது. தாட்டா குழுமத்தின் தலைவர், பேராயக் கட்சிக்கும் சுதந்திராவுக்கும் ஒருங்கே பணம் தரப்போவதாக 1961 இல் நேருவுக்கே மடல் எழுதித் தெரிவித்தார். 1967 இல் 44 நாடாளுமன்ற இடங்கள் பெற்ற அக் கட்சி, 1971 இல் எட்டு இடங்களுக்குச் சுருங்கியது. அதே 1971 தேர்தலில், கொடுக்கும் கைகளே நேராகக் களத்தில் இறங்கியும் பார்த்தன. தெற்கு மும்பையில் நாவல் தாட்டா கட்சி சாராத வேட்பாளராக நின்றார், தோற்றார். இராசத்தானத்தின் சுஞ்சுனுவிற் கே.கே. பிர்லா சுதந்திரா வேட்பாளராக நின்றார், அவரும் தோற்றார். தாட்டாவும் பிர்லாவும் தம் பணத்தைக் கொண்டு தமக்கே ஓரிடத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை!

கடல் கடந்தும் அதுவே கதை. அமெரிக்கத் தலைவர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளராக விழைந்து, 2020 இல் மைக்கேல் புளூம்பெர்க்கு என்னும் செல்வர் தம் சொந்தப் பணத்தில் நூறு கோடி தாலருக்கு மேல் செலவிட்டார். அவர் முதலிடம் பெற்றது அமெரிக்கச் சமோவா என்னும் சிறு தீவுப்பகுதி ஒன்றில் மட்டுமே. அந்நாட்டுப் பொருளியல் அறிஞர் இசுடீவன் இலெவிட்டு 1994 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்திற் கருதத்தக்கது. அதே இரு வேட்பாளர்கள் மீண்டும் மீண்டும் எதிரெதிர் நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, செலவு கூடியபோதும் குறைந்தபோதும் ஒப்போலை (வாக்கு) எவ்வளவு மாறியது என்று அவர் கணக்கிட்டார். மாற்றம் மிகச் சிறிதே என்பது அவர் கண்ட முடிவு. ஆளின் தகுதியும் மக்கள் மனநிலையும் ஒன்றாக இருக்க, பணம் மட்டும் கூடினால் பெரும்பயன் இல்லை என்பதே அதன் பொருள்.

அங்ஙனமாயின், பணம் மிகுதியாகப் பெற்ற கட்சி பெரும்பாலும் வெல்வதாகத் தோன்றுவது ஏன்? விடை எளிது. பணம் வெற்றியைக் கொண்டு வருவதினும், வெற்றி பணத்தைக் கொண்டு வருவதே மிகுதி. தேன் இருக்குமிடத்தை எறும்பு மோப்பத்தால் அறிவதுபோல், ஆட்சி வரும் பக்கத்தைப் பணம் மோப்பத்தால் அறிகின்றது.

இதற்குத் தமிழ்நாட்டின் கணக்கே தக்க சான்று. திராவிட முன்னேற்றக் கழகம் பணமுறிகளாற் பெற்றது 656 கோடியே 50 இலக்கம் உருவா. எதிர்க்கட்சியாக இருந்த 2019-20 இற் பெற்றது 45 கோடியே 50 இலக்கம். ஆட்சி கைக்கெட்டும் என்று பலரும் கணித்திருந்த 2020-21 இல் 80 கோடி. 2021 மே திங்களில் ஆட்சிக்கு வந்தபின், 2021-22 என்னும் ஒரே ஆண்டில் 306 கோடி. அதற்கடுத்த ஆண்டில் 185 கோடி. வெற்றிக்குப் பின்னன்றோ பணமழை பொழிந்தது! பெய்த மழை நட்ட பயிருக்கா, அறுத்த களத்துக்கா? தேர்தலுக்கு உதவுவதே கொடுத்தோர் நோக்கமாயின், தேர்தல் முடிந்தபின் ஏன் கொடுக்க வேண்டும்?

அத் தொகையில் 509 கோடி உருவா கோவை மார்ட்டின் குழுமத்தைச் சேர்ந்த பியூச்சர் கேமிங்கு என்னும் ஒரே பரிசுச்சீட்டு நிறுவனம் தந்தது. 1,368 கோடி உருவாவுக்கு முறி வாங்கி, வெளிவந்த பட்டியலில் முதலிடத்தில் நிற்பதும் அந் நிறுவனமே. தமிழ்நாட்டிற் பரிசுச்சீட்டு விற்பனை 2003 இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. தான் விற்க இயலாத மாநிலத்தின் ஆளுங்கட்சிக்கு ஒரு நிறுவனம் எந்த அன்பினால் 509 கோடியை அள்ளித் தரும்? கைம்மாறு பெற்றதாகச் சான்று கண்டவர் யாருமில்லை. ஆனால், கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. விடை சொல்லும் கடமை பெற்ற கட்சிக்கு உண்டு.

இதே கட்சியின் பழைய வரலாறு வேறு. 1967 தேர்தலுக்கு முன் பத்து இலக்கம் உருவா திரட்டுவதென்று அது முடிவு செய்தது. ஊரூராய்த் திரிந்து, உண்டியல் ஏந்தி, கூலித் தொழிலாளரின் காலணாவையும் அரையணாவையும் போல் வந்த சிறு தொகைகளைச் சேர்த்துத் தொண்டர்கள் உழைத்தனர். பதினோரு இலக்கம் சேர்ந்தது. விருகம்பாக்கம் மாநாட்டில், சைதாப்பேட்டை வேட்பாளர் பெயரைப் படிக்குங்கால் அண்ணா அவர்கள் கருணாநிதியின் பெயரைச் சொல்லாமல் அத் தொகையையே பெயராகச் சொன்னார். அத் தேர்தலில் ஆட்சியும் செல்வமும் பேராயக் கட்சியின் பக்கம் இருந்தன. விருதுநகரில் காமராசரே 1,285 ஒப்போலை வேறுபாட்டில் ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றார். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழர் குருதி சிந்திய சினமும், அரிசிப் பஞ்சத்தின் கொதிப்பும் அங்கே ஒப்போலையாயின, பணம் அன்று. மொழிக்காக எழுந்த மக்கள் ஈந்த பதினோரு இலக்கத்தால் ஆட்சியேறிய கட்சி, அரை நூற்றாண்டு கழித்து ஒரே நிறுவனத்திடம் 509 கோடி பெற்றது. உருவாவின் மதிப்புக் குறைந்ததைக் கழித்துப் பார்த்தாலும், இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு பணத்தின் தொலைவன்று. மக்களிடமிருந்து அக் கட்சி விலகிப்போன தொலைவு.

இனி, பணத்துக்கு வலிமையே இல்லையென்று முடிவு கட்டிவிடலும் ஆகாது. பணம் வெற்றியைத் தராவிட்டாலும் வாயிலைக் காக்கின்றது. நுழைவுக் கட்டணம் கட்ட இயலாதவரை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றது. 2022 முதல் ஒரு நாடாளுமன்ற வேட்பாளர் 95 இலக்கம் உருவா வரை செலவிடலாம்; சட்டமன்ற வேட்பாளர் 40 இலக்கம் வரை செலவிடலாம். ஆனால், கட்சி செய்யும் செலவுக்கு எல்லையே இல்லை. கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கிற் சேர்க்க வேண்டுமென்று 1974 இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. அன்றைய இந்திரா அரசு அவ்வாண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. ஆக, குடிசைக்கு எல்லைக்கல் நட்டுவிட்டு அரண்மனைக்கு வேலியை எடுத்துவிட்டனர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி தமிழ்நாட்டில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஒப்போலை பெற்றது. பணமுறி பெற்ற கட்சிகளின் பட்டியலில் அதன் பெயர் இல்லை. ஓரிடமும் அதற்குக் கிட்டவுமில்லை. பெரும்பணமின்றியும் மக்களில் ஒரு பகுதியை எட்ட முடியும் என்பதற்கும், எட்டியபின் வாயிலைக் கடப்பது எத்துணை அரிது என்பதற்கும் அஃது ஒருங்கே சான்று.

ஒப்போலைக்குப் பணம் கொடுக்கும் கேட்டினைத் தமிழ்நாடு நன்கறியும். 2016 இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் தள்ளிவைக்கப்பட்டன. 2017 ஏப்பிரலில் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தல் நிறுத்தப்பட்டது. 2019 இல், பதினொரு கோடிக்கு மேற்பட்ட பணம் பிடிபட்டதையடுத்து வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே குடியரசுத் தலைவர் நீக்கினார். இவ்விழுக்கு ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. இரு பக்கமும் கொடுக்கும்போது ஒன்றின் பணம் மற்றதன் பணத்தை விழுங்கிவிடுகின்றது. வாங்கியவர் இருவரிடமும் வாங்கிக்கொண்டு தம் மனத்துக்கு ஒத்தவர்க்கே இடுகின்றார். கொடுத்தவர்க்கு வெற்றி உறுதியில்லை. ஆனால், கொடுக்க இயலாத மூன்றாமவன் களத்திலிருந்தே தள்ளப்படுகின்றான். அந்த இருநூறும் ஐந்நூறும் வானத்திலிருந்து வருவதில்லை. மேலே கோடிகளாய் நுழையும் பணமே கீழே நூறுகளாய்க் கசிகின்றது.

அதியமான்கோட்டை அமைந்த தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறும் பணத்தின் எல்லையைக் காட்டும். 2014 இல் அனைத்திந்திய அண்ணா தி.மு.க. மாநிலத்தின் ஆளுங்கட்சியாய் இருந்து 39 இடங்களில் 37 இடங்களை வாரிச் சென்றது. அதற்கு எட்டாத இரண்டில் ஒன்று கன்னியாகுமரி, மற்றொன்று தருமபுரி. அங்குப் பாட்டாளி மக்கள் கட்சி வென்றது. 2019 இல் அத் தொகுதி தி.மு.க.வின் பக்கம் சாய்ந்தது. 2024 இல் 21,300 ஒப்போலை வேறுபாட்டில் மீண்டும் அக் கட்சியே வென்றது. பணம் வைத்திருந்தவர் சொன்ன பக்கமெல்லாம் தருமபுரி சாயவில்லை.

ஆயினும், இதனைத் தருமபுரியின் பெருமையென்று மட்டும் பேசிவிட்டுப் போதல் நேர்மையாகாது. 2012 நவம்பர் 7 ஆம் நாள் தருமபுரிக்கு அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகள் தீக்கிரையாக்கப்பட்டன. தமிழன் வீட்டைத் தமிழனே கொளுத்திய அத் தீயின் வெம்மை 2014 தேர்தலிலும் தணியாதிருந்தது. பணத்தை வெல்லும் ஆற்றல் மக்கள் உணர்வுக்கு உண்டு. ஆனால், அவ் வுணர்வு மொழியுணர்வாயும் உரிமையுணர்வாயும் இருந்தால்தான் அது வெற்றி. சாதியுணர்வாக இருந்தால், ஒரு தளையை உடைத்து மற்றொரு தளையைப் பூட்டிக்கொண்டதே ஆகும். அதனைப் பார்த்து நகைப்பவனும் பணக்காரனே. பிளவுண்ட மக்களிடம் அவனுக்குப் பேரம் எளிது.

பெரும்பணம் ஒப்போலையை உறுதியாக வாங்குவதில்லை என்றால், கணக்கறிந்த முதலாளி ஏன் ஆண்டுதோறும் கொட்டுகின்றான்? அவன் மூடனல்லன். அவன் விலை கொடுப்பது மக்களுக்கன்று. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக்கு. எவர் வென்றாலும் வென்றவர் தனக்குக் கடன்பட்டிருக்க வேண்டும் என்பதே அவன் கணக்கு. ஆதலாற்றான் ஒரே நிறுவனம் ஒன்றையொன்று பழிக்கும் பல கட்சிகளுக்கும் ஒருங்கே கொடுக்கின்றது. மேடையிற் பகைவராய்த் தோன்றுவோர் அவன் பேரேட்டில் அடுத்தடுத்த வரிகளில் உடன்பிறந்தாராய் உறங்குகின்றனர்.

அவன் பெறும் வட்டி எத்தகையது என்பதற்குத் தமிழர் மறக்கலாகாத ஒரு சான்று உண்டு. தூத்துக்குடி இசுடெர்லைட்டு ஆலையை நடத்திய வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடமிருந்து பணம் பெற்ற வகையில், பேராயக் கட்சியும் பாரதிய சனதாக் கட்சியும் அயல்நாட்டுப் பணம் பற்றிய சட்டத்தை மீறின என்று தில்லி உயர் நயன்மன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புரைத்தது. கட்சிகள் தண்டனை பெற்றனவா? இல்லை, சட்டம் தண்டனை பெற்றது! 2016 நிதிச் சட்டத்தின் வழியாக அயல்நாட்டு நிறுவனம் என்பதன் பொருளையே மாற்றினர். அதுவும் போதாதென்று, 2018 மார்ச்சில் நிதிச் சட்டத்துள் ஒரு வரியைச் சேர்த்து, அம் மாற்றம் 1976 முதலே செல்லும் என்றாக்கினர். நாற்பத்திரண்டு ஆண்டுக்கால மீறல்கள் ஒரே நாளிற் கழுவப்பட்டன. மக்களவையில் அதன்மேற் கலந்துரையாடலும் இல்லை. மற்றெல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் இரு பெருங்கட்சிகளும் இதில் மோதிக்கொள்ளவில்லை.

அதே 2018 இன் மே 22 ஆம் நாள், அவ் ஆலையை மூடக்கோரி ஊர்வலம் சென்ற தூத்துக்குடி மக்கள்மேற் காவல்துறை சுட்டது. 13 தமிழர் மாண்டனர். இவ்விரண்டையும் ஒன்றின் விளைவு மற்றொன்று என்று முடிச்சுப் போடுதல் தேவையில்லை. அருகருகே வைத்துப் பார்த்தலே போதும். நிறுவனத்திடம் பணம் பெற்ற கட்சிகளைக் காக்க, நாற்பதாண்டுச் சட்டம் ஓசையின்றிப் பின்னோக்கித் திருத்தப்பட்டது. நச்சுக் காற்றிலிருந்து தம்மைக் காக்கக் கேட்ட மக்கள் நூறு நாள் போராடியும் குண்டையே பெற்றனர். பெரும்பணம் எதனை வாங்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுமா? பின்னரும் 2019 ஏப்பிரல் முதல் வேதாந்தா வாங்கிய பணமுறிகள் 370 கோடிக்கு மேற்பட்டவை.

ஆனால், அத் தூத்துக்குடியே மற்றோர் உண்மையையும் காட்டிற்று. 2019 நாடாளுமன்றத் தேர்தலில், நாட்டிலேயே மிகுதியாகப் பணம் பெற்ற கட்சியின் மாநிலத் தலைவர் அங்கு நின்று 3,47,209 ஒப்போலை வேறுபாட்டில் தோற்றார். மக்கள் போராட்டத்தால் மூடப்பட்ட ஆலையை மீண்டும் திறக்க வேண்டுமென்ற நிறுவனத்தின் கோரிக்கையை 2024 பிப்பிரவரி 29 ஆம் நாள் உச்ச நயன்மன்றம் தள்ளியது. சட்டத்தைத் திருத்த முடிந்த பணத்தால் தூத்துக்குடி மக்களைத் திருத்த முடியவில்லை.

இவ் இடரை முன்கண்டு சொன்னோர் இல்லாமலில்லை. தாட்டா இரும்பு நிறுவனம் கட்சிகளுக்குப் பணம் தர ஒப்புதல் கேட்ட வழக்கில், 1957 இலேயே மும்பை உயர் நயன்மன்றத் தலைமை நடுவர் சாக்ளா, சட்டப்படி ஒப்புதல் தந்தபோதும், இவ் வழக்கம் வளர்ந்தால் குடியாட்சியையே நெரித்துவிடும் என்று எச்சரித்தார். 1969 இல் நிறுவனக் கொடை தடுக்கப்பட்டது. 1985 இல் அத் தடை நீக்கப்பட்டு, மூவாண்டு நிகர வருவாயின் சராசரியில் ஐந்து விழுக்காடு என்று வரம்பு கட்டப்பட்டது. 2013 இல் அவ் வரம்பு ஏழரை விழுக்காடாயிற்று. 2017 இல் வரம்பே எடுத்தெறியப்பட்டது. அதனையும் 2024 தீர்ப்பு செல்லாதென்றது. ஆயினும், பணமுறி போனால் வேறு வழி. 2024-25 இல் தேர்தல் அறக்கட்டளைகள் என்னும் பெயரில் நிறுவனப் பணத்தைப் பங்கிடும் அமைப்புகள் 3,800 கோடி உருவா அளவுக்குக் கொடுத்தன. அதில் ஐந்தில் நான்கு பங்கு தில்லியின் ஆளுங்கட்சிக்கே சென்றது. அறக்கட்டளையாம்! அறம் என்னும் சொல்லையும் கொடை என்னும் சொல்லையும் இவர்களிடமிருந்து மீட்பதே தமிழுக்கு ஒரு தொண்டு.

தருமபுரி மக்களின் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பார்த்தால் கேடு இன்னும் விளங்கும். அம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளூரைடு நஞ்சு. பல்லும் எலும்பும் அதனாற் பழுதுறும். ஒகேனக்கல் வழியாகக் காவிரி நீர் ஓட, அம் மாவட்டத்துச் சிற்றூர்கள் குடிநீருக்குத் தவித்தன. சப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டபோது, 2008 இற் கன்னட வெறியர் கிளர்ந்தனர். கருநாடகத் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய தமிழக அரசு பணியைத் தள்ளிவைத்தது. 2013 இலேதான் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தமிழன் குடிநீர் அயல் மாநிலத் தேர்தலுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. ஏனெனில், தருமபுரிக் குடியானவன் எந்தக் கட்சிக்கும் ஒரு கோடி உருவா முறி வாங்கித் தந்தவனல்லன். காவிரியின் மிகுநீரை ஏரிகளுக்கு ஏற்ற வேண்டும் என்று அவன் கேட்டு வருவதற்கும், மொரப்பூர்த் தொடர்வண்டிப் பாதைக்கு அவன் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்ததற்கும் பணப்பேரேட்டில் வரி இல்லை. அவனிடம் இருப்பது ஒப்போலை ஒன்றே. ஐந்தாண்டுக்கு ஒரு நாள் அவன் பேசுகின்றான். மற்றை நாள்களிற் பணம் பேசுகின்றது.

ஆகவே, பணமின்றி வெல்ல முடியாது என்று மனம் சோர்தல் பிழை. பணத்தால் ஒன்றுமாகாது என்று கண்மூடியிருத்தல் அதனினும் பிழை. மக்கள் இன்னும் விலைபோகவில்லை, விலைபோனவை கட்சிகள். இந் நோய்க்கு மருந்தும் நோயறிந்தே இடப்படல் வேண்டும்.

ஒப்போலை இல்லாத நிறுவனத்துக்குக் கட்சிக்குக் கொடுக்கும் உரிமையும் இருத்தலாகாது. ஆனால், 1969 இல் விதித்ததுபோல் தடை மட்டும் போதாது. அத் தடைக்காலத்திற் கணக்கிலுள்ள பணம் மறைந்து கறுப்புப் பணம் தழைத்ததென்பது பட்டறிவு. தடையோடு கட்சிச் செலவுக்கு எல்லையும் வேண்டும். தனியாளர் தரும் ஒவ்வொரு பெருந்தொகையும், தேர்தல் முடிந்து பல திங்கள் கழித்தன்று, ஒப்போலை இடும் நாளுக்கு முன்பே பெயரோடும் முகத்தோடும் ஊரறிய வெளியிடப்படல் வேண்டும். தில்லிக் கட்சிகள் இதனைச் செய்யாவென்றால், தமிழ்நாட்டுக் கட்சிகள் செய்து காட்டட்டும். மாநிலத் தன்னாட்சி பேசும் கட்சி, தன் கணக்குப் பேரேட்டிலேயே தன்னாட்சி பெறாதபோது தில்லியிடம் எதனைக் கேட்டுப் பெறும்?

தமிழுரிமைக்கென்று எழுந்த இயக்கங்களுக்கோ இது வாழ்வா சாவா என்னும் வினா. அவை எளிய மக்களின் சிறு தொகைகளைப் பற்றுச்சீட்டோடு பெற்று, அதனை அவர்கள் முன்னிலையிலேயே கணக்குக் காட்டிச் செலவிட்டால், வெற்றி காலந்தாழ்ந்து வரினும் யாருக்கும் கடன்படாத வெற்றியாக வரும். முகமில்லாப் பணத்தைப் பெற்று விரைந்து வென்றால், வென்ற அன்றே அவ் வெற்றி அடுத்தவன் உடைமையாகிவிடும். பசியோடு வந்த பழம்புலவர் ஒருவர், தமிழகத்தின் தலைசிறந்த வள்ளல் கொடுத்தனுப்பிய பொருளையே வேண்டாவென்று சொல்ல முடிந்தது. வள்ளலல்லாத வணிகன் நீட்டும் பொருளை வேண்டாவென்று சொல்வது ஓர் இயக்கத்துக்கு அத்துணை அரிதோ?

அடுத்த தேர்தலிலும் கட்சிக்காரர் அதியமான்கோட்டைத் தெருக்களில் கைகூப்பி வருவர். எனக்கு என்ன தருவாய் என்று அவர்களைக் கேட்கும் வழக்கத்தை அவ்வூரார் விடல் வேண்டும். உனக்கு யார் தந்தார், எவ்வளவு தந்தார், எதற்குத் தந்தார் என்று கேட்கும் வழக்கம் அங்கே தொடங்கட்டும்.